மைக்கு ஒரு வீடு

சீன ஓவியர் வூ குவான்ஜோங் 2008ஆம் ஆண்டு தன்னுடைய படங்களில் 113ஐ சிங்கப்பூருக்குக் கொடுத்தார். விற்கவில்லை, கொடுத்தார். அப்போது அவருக்கு வயது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து, 2010 ஜூனில், காலமானார். அந்தப் படங்களுக்கென்று சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் அவர் பெயரிலேயே ஒரு கூடம் வைத்தார்கள். பழைய நகர மண்டபக் கட்டடத்தில் அது இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன், பாடசாலை விடுமுறையில், அங்கே தொழில் செய்கிற மச்சானிடம் போயிருந்தேன். அந்தக் கூடத்துக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை மழைக்கு ஒதுங்கின மாதிரித்தான். இரண்டாம் முறை வேண்டுமென்றே போனேன். "முழுக்கக் கறுப்புக் கோடு. இதுக்கு ரெண்டாந்தரமும் போறதா?" என்று மச்சான் கேட்டார். அவருக்கு நான் அப்போது ஒழுங்கான பதில் சொல்லவில்லை. நம் ஆட்களில் பலருக்கு சித்திரம் என்றதும் கூடுமா, கூடாதா என்ற கேள்விதான் முதலில் வரும். மச்சான் அதைக் கேட்கவில்லை. இதில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி நல்ல கேள்வி.

முதலில் கட்டடத்தைச் சொல்லவேண்டும். வெள்ளைக்காரன் ஆட்சியில் நகராட்சிக் கட்டடமாக 1929இல் கட்டி முடித்தது அது. 1945 செப்டம்பர் 12ஆம் திகதி ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்திட்டது அதற்குள்தான். 1959இல் லீ குவான் யூவும் அவருடைய அமைச்சரவையும் சத்தியப்பிரமாணம் எடுத்ததும் அங்கேதான். பக்கத்தில் 1939இல் கட்டின உயர் நீதிமன்றம். இரண்டையும் இடிக்காமல், கண்ணாடியும் உலோகமும் கலந்த ஒரு கூரையால் மேலே இணைத்து, உள்ளே திருத்தி, 2015 நவம்பர் 24இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். நீதிமன்றத்தில் கைதிகளை அடைத்து வைத்த சிறு அறைகளைக்கூட விட்டு வைத்திருக்கிறார்கள். திருத்துவது என்றால் என்னவென்று நம் பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒருதரம் போய்ப் பார்க்கலாம். நாம் திருத்துகிறோம் என்று சொன்னால் பழைய மரக் கதவைக் கழற்றி அலுமினியம் போடுகிறோம் என்று அர்த்தம்.

ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. தூண்கள் பெரிசு, படிகள் பெரிசு, மண்டபத்தின் உயரம் மனுசனைச் சின்னதாக்குகிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் தூணுக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மையோ மெல்லிய சாமான். தாளில் வரைந்த படத்துக்குக் கடும் வெளிச்சம் ஆகாது. அதனால் வெளிச்சத்தைக் குறைத்துத்தான் வைப்பார்கள், ஒரே படத்தை வருடக்கணக்கில் தொங்கவிடவும் மாட்டார்கள். ஆட்சியாளர்களுக்காகக் கட்டின ஒரு மாளிகைக்குள் இந்த மெல்லிய சாமான் நின்று பிடிக்குமா? பிடிக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதற்குக் காரணம் கட்டடக் கலைஞர்கள் மட்டுமில்லை. வூவின் மைக்குள்ளேயே ஒரு சண்டைக்குணம் இருக்கிறது.

அவர் 1919இல் ஜியாங்சு மாகாணத்தில் யீசிங் என்ற ஊரில் பிறந்தவர். ஹாங்ஜோ கலைக் கல்லூரியில் படித்தார். அங்கே பான் தியான்ஷோவிடம் பழைய முறை மையோவியம் படித்தார், மேல்நாட்டு எண்ணெய்ச் சாய ஓவியமும் படித்தார். 1947இல் பாரிசுக்குப் போனார். அங்கேயே இருந்திருக்கலாம். 1950இல் திரும்பி வந்தார். திரும்பி வந்ததன் விலையைப் பிறகு கட்டினார். 1966இல் கலாசாரப் புரட்சி தொடங்கினபோது, செங்காவலர் வந்து வீட்டைக் கிளறுவதற்கு முன், ஆபத்தாகக்கூடிய தன் படங்களைத் தானே அழித்தார். 1970இல் ஹெபெய் கிராமம் ஒன்றுக்கு வயல்வேலைக்கு அனுப்பப்பட்டார். பிறகு வரைய அனுமதி கிடைத்தபோது தாங்குபலகைக்கு வழியில்லை. சாணக்கூடையைக் கவிழ்த்து வைத்து அதிலே சாத்தி வரைந்தார். கூட இருந்தவர்கள் பகிடியாக அவர்களுக்குச் 'சாணக்கூடை ஓவியர்' என்று பெயர் வைத்தார்கள். அவர் அந்தப் பெயரைச் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டார் போலிருக்கிறது.

மையை அவர் முழுமூச்சாக எடுத்தது எழுபதுகளின் நடுவில்தான், ஐம்பது வயது தாண்டின பிறகு. எண்ணெய்ச் சாயத்தில் பிழை விட்டால் மேலே பூசிக்கொள்ளலாம். சீனத் தாளில் அது நடக்காது. தாள் மையைக் குடித்துவிடும். வைத்த கோடு வைத்ததுதான். சுவர், கூரை, மரம், தண்ணீர், அவ்வளவுதான் அவர் படத்தில். அவர் பிறந்த நாட்டுப்புறத்து வீடுகள் வெள்ளைச் சுவரும் கறுப்பு ஓடுமாக இருக்கும். அதை அவர் நீண்ட வெள்ளைப் பட்டையாகவும் மேலே ஒரு கறுப்பு வரியாகவும் ஆக்கிவிடுகிறார். ஹொங்கொங் நூதனசாலையில் இருக்கிற 'இரண்டு தகைவிலான்கள்' என்ற 1981ஆம் ஆண்டுப் படத்தை நான் புத்தகத்தில்தான் பார்த்தேன். முழுச் சுவரும் வெறுமையாகக் கிடக்கும். இலையில்லாத ஒரு மரம். இரண்டு சின்னக் குருவிகள் அந்தப் பக்கமாகப் பறந்து போகும். எடுத்துவிட்டால் படம் விழுந்துவிடும் என்கிற அளவுக்கு அந்த இரண்டு புள்ளியிலும் பாரம் இருக்கிறது. பிந்திய படங்களில் கோடுகள் நூல் பந்து சிக்கின மாதிரி ஓடும், நடுநடுவே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பொட்டுகள். மரமா, வலையா, மழையா என்று நினைக்கும்போதே அது மரமாகிவிடும்.

சீனாவுக்குள் அவர் கிளப்பின பெரிய சண்டை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுதின ஒரு சின்னக் கட்டுரையால் வந்தது. தூரிகையும் மையும் பூச்சியத்துக்குச் சமம் என்பது அதன் தலைப்பு. படத்தை விட்டுப் பிரித்து, தூரிகை வீச்சை மட்டும் தனியே எடுத்து இது உயர்ந்தது, இது தாழ்ந்தது என்று மதிப்பிட முடியாது என்பதுதான் அவர் சொன்னது. ஆயிரம் வருடமாகத் தூரிகை வீச்சையே உயிராக நினைத்த ஒரு மரபுக்குள் இருந்துகொண்டு இதைச் சொன்னால் சும்மா விடுவார்களா? சாங் டிங் போன்ற பெரியவர்கள் எதிர்த்து எழுதினார்கள். வருடக்கணக்காக நடந்த விவாதம் அது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவனுக்கு இந்தச் சண்டை புதிசில்லை. யாப்பா கவிதையா என்று நம் ஆட்கள் அடிபட்டதும் இதே சண்டைதான். தளை தட்டாமல் வெண்பா எழுதித் தருகிற பிள்ளைகளை வகுப்பில் கண்டிருக்கிறேன். புள்ளி போடலாம், கவிதை என்று சொல்ல ஏலாது. அந்த வெண்பாவைப் பார்த்து வூ பூச்சியம் என்பார், சரிதான். ஆனால் யாப்பே தெரியாமல் வரியை உடைத்துப் போட்டு இதுதான் கவிதை என்கிறவனையும் அவர் ஏற்கமாட்டார். அவரே பான் தியான்ஷோவிடம் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து வரைந்து கை பழகினவர். படித்தவன் பூச்சியம் என்று சொல்வதும் படிக்காதவன் சொல்வதும் ஒன்றில்லை. அவரைப் பின்பற்றுகிறோம் என்று வந்தவர்களில் பலர் இதை மறந்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு இடத்தில் அவரோடு நான் உடன்படவில்லை. நம் எழுத்தணியைப் பாருங்கள். பக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லா, 940இல் மரணித்தவர், எழுத்துகளுக்கு அளவு வகுத்தார். பேனா முனையை ஒருதரம் அழுத்தினால் விழுகிற சாய்சதுரப் புள்ளிதான் அளவுகோல். அலிஃப் இத்தனை புள்ளி உயரம், பே இத்தனை புள்ளி அகலம் என்று கணக்கு. அரசியலில் மாட்டி அவருடைய வலது கையை வெட்டினார்கள். பேனாவை வெட்டுண்ட கையில் கட்டி எழுதினார் என்று சொல்வார்கள். அந்தக் கோட்டைப் படத்திலிருந்து பிரித்தால் பூச்சியம் என்று சொல்லமுடியுமா? அங்கே கோடே சொல். வாசிக்கத் தெரியாதவனும் அதன் முன் நிற்கிறான், வாசிக்கத் தெரிந்தவன் இரண்டு தரம் நிற்கிறான். மை தனியே பெறுமதி பெறுகிற ஒரு மரபும் உலகத்தில் இருக்கிறது. வூவின் விவாதத்துக்குள் அந்த மரபு வரவேயில்லை. அது அவர் குற்றமில்லை, விவாதம் அவர் வீட்டுக்குள் நடந்தது.

கூடத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. 2015இல் திறந்தபோது வைத்த முதல் காட்சிக்கு வடிவத்துக்கு அப்பாலான அழகு என்ற கருத்தில் பெயர் வைத்தார்கள். அழகு, அழகு என்று முன்னால் தள்ளத் தள்ள அந்தச் சாணக்கூடை பின்னால் போய்விடுகிறது. கை நடுங்கத் தன் படத்தைத் தானே கிழித்த ஒரு மனுசன், பிற்காலத்திலும் மனசுக்குப் பிடிக்காத படங்களை எடுத்து எரித்த ஒரு மனுசன், ஏன் இந்த 113ஐயும் பத்திரமாகக் கடல் கடந்து அனுப்பினான்? அந்தக் கேள்விதான் எனக்கு அந்தக் கூடத்தின் நடுக் கேள்வி. படங்களைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் அவை சந்தைக்குப் போயிருக்கும். அவர் படங்களின் விலை அப்படி. வீடு தேடினார். தன் நாட்டிலும் ஹொங்கொங்கிலும் கொடுத்தார், சீனமும் தமிழும் மலாயும் ஆங்கிலமும் பேசுகிற ஒரு துறைமுக நகரத்துக்கும் கொடுத்தார்.

துறைமுகம் என்றதும் எனக்கு இன்னொரு சீனக் கை ஞாபகம் வந்தது. கொழும்பு நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்தது. 1409ஆம் ஆண்டு தேதியிட்டு, சீனாவில் வெட்டி, கடற்தளபதி செங் ஹெயின் கப்பலில் வந்த கல். செங் ஹெ யுனானில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல்லில் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீனம் புத்தரைப் போற்றுகிறது, தமிழ் தெவிநுவரைத் தெய்வத்தைப் போற்றுகிறது, பாரசீகம் அல்லாஹ்வைப் போற்றுகிறது. கல்லில் வெட்டுவதற்கு முன் யாரோ ஒருவர் மையால் எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். தமிழெழுத்தையும் அரபு வடிவத்தையும் எழுதிக் கொடுத்த அந்தக் கை யாருடையது என்று கல்லில் இல்லை. மூன்றில் மிகவும் தேய்ந்து போனது பாரசீகப் பகுதி. முழுதாக வாசிக்க முடியாது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். திருகோணமலையில் உட்துறைமுக வீதியால் போகிறவர்கள் ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளரின் வீட்டைக் கண்டிருப்பீர்கள். ஒல்லாந்தர் காலத்து வீடு. வெகுகாலம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. நெதர்லாந்தின் உதவியோடு கடற்படை அதைத் திருத்தி, கடல்சார் மற்றும் கடற்படை வரலாற்று நூதனசாலையாக நடத்துகிறது. கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகத் தக்க இடம், நான் போயிருக்கிறேன்.

இந்த வீட்டில் இருந்தவர்களின் மையும் பத்திரமாகத்தான் இருக்கிறது. நம் துறைமுகத்தையும் கோட்டையையும் ஒஸ்டென்பேர்க் மலையையும் ஒல்லாந்தப் பொறியியலாளர்கள் மையால் கீறி, மெல்லிய சாயம் பூசி, அளவு குறித்து வைத்த படங்கள் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. கோடு சுத்தமான கோடு. அதையும் ஒரு கலை என்றே சொல்வேன். ஆனால் அது கப்பலில் நின்று, பீரங்கி எங்கே வைக்கலாம் என்று பார்த்த கண். ஆழம் எத்தனை பாகம் என்று குறித்திருப்பார்கள். அந்த ஆழத்தில் சங்கு குளித்தவன், தோணி ஓட்டினவன், அவன் கையால் ஒரு கோடு அதிலே இராது. அவன் எழுதவில்லையா?

எழுதினான். அங்கேதான் நம் விசயம் வருகிறது. நம் வீடுகளில் மை இருந்தது. விளக்குக் கரியைச் சேர்த்துப் பிசினோடு குழைத்து மை செய்தார்கள். சீன மையும் புகைக்கரிதான், அவர்கள் பிசினுக்குப் பதில் தோல் எலும்பு காய்ச்சின பசை சேர்ப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஓதற பள்ளியில் பலகையில் எழுதி, ஓதிப் பாடமாக்கி, கழுவிவிட்டு அடுத்த பாடம் எழுதினார்கள். என் உம்மும்மாவுக்குக் காய்ச்சல் என்றால் லெப்பை வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூ மையால் எழுதிக் கொடுப்பார், கரைத்துக் குடிப்பார்கள். அது மார்க்கத்தில் சரியா என்ற வாதத்தை இங்கே எடுக்கவில்லை, மௌலவிமார் பேசட்டும். நான் சொல்ல வருவது, கரைந்து போவதற்காகவே எழுதின ஒரு மையும், நிற்பதற்காக எழுதின ஒரு மையும் நம்மிடம் இருந்தன. கரைந்தது கரைந்துவிட்டது. நிற்க எழுதினதை என்ன செய்தோம்?

அரபுத்தமிழ்க் கிதாபுகளைச் சொல்கிறேன். தமிழின் ள, ழ, ண போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்தின் மேலும் கீழும் புள்ளி சேர்த்து உண்டாக்கின எழுத்து அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் கடலுக்கு இருபக்கமும் வந்து போய் அதை வளர்த்தார்கள். அச்சுக்கு வந்தபோது இந்தக் கிதாபுகள் பெரும்பாலும் கல்லச்சில் வந்தன. கல்லச்சு என்றால் கோத்த எழுத்து இல்லை. எழுத்தர் ஒருவர் கொழுப்பு மையால் கையால் எழுதுவார், அந்தக் கையெழுத்தே கல்லில் ஏறி ஆயிரம் பிரதியாகும். ஆகவே உங்கள் வீட்டில் மூத்தம்மாவின் பெட்டிக்குள் ஒரு பழைய கல்லச்சு மவ்லிது இருந்தால், அது ஒரு கலைஞனின் கை. ஓரத்தில் பூக்கொடி, தலைப்பில் வளைவு, வரி முடியாத இடத்தில் எழுத்தை நீட்டி இடத்தை நிரப்புகிற சாமர்த்தியம். நாம் அதிலே மசாலாவை மட்டும் படித்தோம், கையைப் பார்க்கவில்லை. வூ பூச்சியம் என்று சொன்னதை நாம் சொல்லாமலே செய்துவிட்டோம்.

2004 டிசம்பர் 26இல் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் வீட்டுக்குள் வந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு நடந்தார்கள். யார் கிதாபைத் தூக்குவார்கள்? பிள்ளையைத்தான் தூக்குவார்கள். அதிலே போனதைப் பற்றி யாரையும் குறை சொல்ல ஏலாது. ஆனால் சமாதான காலத்தில் போனது வேறு கணக்கு. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிவாசலில், பெயர் வேண்டாம், புதுக் கட்டடம் எழும்பினபோது பழைய அலுமாரியை வெறுமையாக்கினார்கள். பழைய முஸ்ஹபுகளை மரியாதையாக மண்ணில் தாட்டார்கள், அது முறை. அவற்றோடு சேர்த்து அரபுத்தமிழ்க் கிதாபுகளையும் கையெழுத்துக் கொப்பிகளையும் தாட்டுவிட்டார்கள். அரபு எழுத்து என்பதால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருப்பார்கள். மரியாதையாலேயே அழிந்தது. இரண்டு நாள் பிந்தித்தான் எனக்குத் தெரியும்.

நான் கேட்பது சிங்கப்பூர் மாதிரி ஒரு மாளிகை இல்லை. நம் மாவட்டத்தில் திருத்தக்கூடிய பழைய கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன. ஒல்லாந்தர் வீட்டிலேயே ஒரு அறை கேட்டால் என்ன? இரண்டு கண்ணாடிப் பெட்டி, குறைந்த வெளிச்சம், எழுத்தர் பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் 'கை தெரியவில்லை' என்று ஒரு சீட்டு. அரசாங்கம் தரவேண்டும், கடற்படை தரவேண்டும் என்று முதலில் அங்கே போகவும் தேவையில்லை. வூ கேட்டுக் கொடுக்கவில்லை, எடுத்துக் கொடுத்தார். கொடுக்க ஒன்று இருந்தால்தான் வீடு கேட்கலாம்.

புகைக்கரி மைக்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சத்தில் இலேசில் மங்காது, நூறு வருடமானாலும் கறுப்பாகவே நிற்கும். ஆனால் பிசின் சேர்த்ததால் தண்ணீர் பட்டால் கரையும். அதனால்தான் பலகையைக் கழுவ முடிந்தது. போன மாரியில் மூதூரிலிருந்து என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பொலித்தீன் பையில் சுற்றி ஒரு கொப்பி கொண்டு வந்தாள். "சேர், உம்மும்மாட பெட்டிக்குள்ள கிடந்தது. ஒட்டிட்டுது. வெந்நீராவி காட்டிப் பிரிக்கவா?" என்றாள். வேண்டாம் என்றேன். வெயிலிலும் வைக்காமல், நிழலில், காற்றுப் படுகிற இடத்தில் தாளுக்கு நடுவே வைத்திருக்கிறோம். முதல் ஆறு பக்கம் தானாக விட்டுக்கொடுத்திருக்கிறது. இரண்டாம் பக்கத்து ஓரத்தில், பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல், யாரோ ஒரு பாய்த்தோணி கீறி வைத்திருக்கிறார்கள்.